கேட்டால் கொடுக்க வேண்டிய பொருள்

தியாகராஜா அந்த மாலை வகுப்பில் சேர்ந்தது ஒரு தப்புக் கணக்கில்தான். 1990 செப்டெம்பரில் லண்டன் லூயிஷாமில் ஒரு அறிவித்தல் பலகையில் ‘அரசியலும் நீதியும், பத்து வாரங்கள்’ என்று போட்டிருந்தது. அரசியல் என்றால் அரசியல் தஞ்சம், நீதி என்றால் அப்பீல். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு மூன்று வருடமாகப் பதில் பார்த்திருக்கும் மனிதனுக்கு வேறென்ன தோன்றும்? முதல் நாளே விஷயம் வெளித்துவிட்டது. ஆசிரியை கத்தரின் பேசியதெல்லாம் இரண்டாயிரத்து நானூறு வருடத்துக்கு முந்திய கிரேக்கரைப் பற்றி. எழும்பி வந்திருக்கலாம். ஆனால் ஹீட்டர் நன்றாக வேலை செய்தது, இடைவேளையில் தேத்தண்ணியும் பிஸ்கற்றும் கொடுத்தார்கள். மனிதர் இருந்துவிட்டார்.

அவருடைய வீட்டில் அப்போது ஆறு கடவுச்சீட்டுகள் இருந்தன. ஒன்றும் அவருடையதல்ல, அவருடையது அகதி விண்ணப்பத்தோடு ஹோம் ஒபிசில் கிடந்தது. ஓர் அறைக்குள் ஏழெட்டுப் பேர் ஷிப்ட் முறையில் படுத்தெழும்பும் வீடுகளில் எதற்கும் பாதுகாப்பு இல்லை. ஆகவே, மனைவியோடு கவுன்சில் பிளாட்டில் இருக்கும் நம்பிக்கையான அண்ணை ஒருவரிடம் கடவுச்சீட்டைக் கொடுத்து வைப்பது எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களின் வழக்கம். துண்டுச் சீட்டும் இல்லை, கையெழுத்தும் இல்லை. கேட்டால் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம்.

மூன்றாவது வாரம் கத்தரின் ஒரு கேள்வியைப் போட்டார். நீதி என்றால் என்ன? உண்மை பேசுவதும் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதும்தான் நீதி என்று ஒரு கிரேக்கக் கிழவர் சொன்னாராம். உடனே இன்னொருவர் மடக்கினாராம்: நல்ல புத்தியோடு இருந்தபோது ஒரு நண்பன் உன்னிடம் ஆயுதத்தைத் தந்து வைத்தான், பிறகு விசர் பிடித்து வந்து அதைக் கேட்கிறான், கொடுப்பாயா? வகுப்பிலிருந்த பன்னிரண்டு பேரும் கொடுக்கக் கூடாது என்றார்கள். தியாகராஜாவும் பலமாகத் தலையாட்டினார். பச்சைப் பிள்ளையும் சொல்லும் பதிலுக்கு இவ்வளவு பெரிய மனிதர்கள் ஏன் மல்லுக்கட்டினார்கள் என்றுதான் அவருக்கு விளங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே இராஜேந்திரன் வந்து நின்றான். ஆறு கடவுச்சீட்டில் ஒன்று அவனுடையது. மாணவர் விசாவில் வந்து, வால்தம்ஸ்டோவில் ஓர் அறையில் இருந்துகொண்டு, சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறவன். கோட்டுக்குள் கடை ஏப்ரனைக் கழற்றாமலே வந்திருந்தான். நாலு நாளாக நித்திரை இல்லையாம். யாழ்ப்பாணத்தில் தம்பியை வீட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டுபோய்ச் சுட்டுவிட்டார்கள் என்று யாரோ கையில் கொண்டுவந்த கடிதம் சொல்லியது. சுட்டது யார் என்று அதில் இல்லை. அந்த நாளில் அதை எழுத யாருக்கும் துணிவில்லை.

“அண்ணை, என்ர பாஸ்போட்டைத் தாங்கோ. நான் போறன். போய் ஆரெண்டு பாக்கவேணும்.”

தியாகராஜா அவனை இருத்தித் தண்ணீர் கொடுத்தார். அவன் குடிக்கவில்லை. அம்மா வெள்ளவத்தைக்கு வருவா, அம்மா வெள்ளவத்தைக்கு வருவா என்று இரண்டு தரம் சொன்னான். பிறகு எதற்கென்று தெரியாமல் சிரித்தான். பாதை பூட்டி, ரெலிபோன் செத்து, யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு காகமும் வெளியே வராத காலம் அது. அறுபது தாண்டிய கிழவி எப்படிக் கொழும்பு வெள்ளவத்தைக்கு வருவாள்? பெடியனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று தியாகராஜா முடிவு கட்டினார். அந்தச் சிரிப்பு அவரைப் பயப்படுத்திவிட்டது.

“அது இப்ப என்னட்டை இல்லை. விசா முடியப்போகுதெல்லோ, லோயரிட்டைக் குடுத்திட்டன்” என்றார்.

உண்மை பேசுவது, வாங்கியதைக் கொடுப்பது ஆகிய இரண்டையும் ஒரே பொய்யில் முடித்தாயிற்று. இராஜேந்திரன் எழும்பிப் போனான்.

அவன் போனதும் அவன்ர சாமானை அவனிட்டைக் குடுக்கவேண்டியதுதானே என்று மனைவி கலாவதி பிடித்துக்கொண்டாள். மறுநாள் காலை, குடுத்து அவன் அங்கை போய்ச் செத்தால் ஆர் பழி சுமக்கிறது என்றாள். இரண்டும் தியாகராஜாவுக்குச் சரியாகவே பட்டன.

அடுத்த வகுப்பில் கையை உயர்த்தி, அந்த நண்பனுக்கு விசர் என்று முடிவெடுத்தது யார் என்று கேட்டார். அருமையான கேள்வி என்று கத்தரின் பூரித்துப்போனார். பிறகு பாடத்தைத் தொடர்ந்தார். கிரேக்கர்கள் அதற்குள் அடுத்த படிக்குப் போயிருந்தார்கள். நண்பனுக்கு நன்மையும் பகைவனுக்குத் தீமையும் செய்வதே நீதி என்றார்கள். பிறகு, யார் நண்பன் யார் பகைவன் என்பதில் மனிதன் பிழைவிடமாட்டானா என்று அதையும் தாங்களே போட்டு உடைத்தார்கள். இராஜேந்திரனின் தம்பியைச் சுட்டது பகைவனா, நேற்றுவரை ஒரே கோப்பையில் சாப்பிட்ட நண்பனா? அதுவே தெரியாத இடத்தில் இவர் எந்தப் படியில் காலை வைப்பது? இவ்வளவு வாதத்திலும் அந்த விசர் நண்பனிடம் ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லையே என்றார் தியாகராஜா. அவன் வெறும் உதாரணம்தானே என்றார் கத்தரின். இவருடைய உதாரணம் வால்தம்ஸ்டோவில் உயிரோடு இருந்தது.

நவம்பர் கடைசியில் அந்த உதாரணம் திரும்பி வந்தது. முகம் மழித்து, சேர்ட் அயன் பண்ணி, ஆறுதலாகப் பேசினான். அவனைக் கண்டதும் தியாகராஜாவுக்குப் பெரிய ஆறுதல். செய்தது சரிதான், பெடியன் தேறிவிட்டான் என்று உள்ளுக்குள் தன் தோளைத் தானே தட்டிக்கொண்டார்.

இராஜேந்திரன் வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றிலிருந்து வந்த கடிதத்தை நீட்டினான். அம்மாவின் கையெழுத்து. கடவுச்சீட்டுக் கேட்க வருவதற்கு முன்னமே அவன் கொழும்பிலிருந்த மாமாவுக்கு ரெலிபோன் எடுத்து, நான் வாறன் என்று சொல்லியிருந்தான். மாமா யாழ்ப்பாணம் போகிற யாரோ ஒருவரிடம் சேதி அனுப்ப, கிழவி ட்ரக்டரிலும் சைக்கிள் கரியரிலும் நடந்தும் ஐந்து நாளில் வந்து சேர்ந்துவிட்டாள். பத்து நாள் லொட்ஜ் வாசலில் இருந்து பார்த்தாள். வராதவனுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனாள். இனி ஒரு தரம் வர உடம்பு இடம் கொடாது என்று எழுதியிருந்தாள். வராததற்குக் கோபம் ஒரு வரியிலும் இல்லை.

தியாகராஜா அறைக்குள் போய் அந்தக் கடவுச்சீட்டை எடுத்து வந்து மேசையில் வைத்தார். லோயரிடம் போகவில்லை, இங்கேதான் இருந்தது என்று சொன்னார். குரல் அவருக்கே கேட்கவில்லை. இராஜேந்திரன் திட்டுவான் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

“அண்டைக்கு எனக்கு விசரோ அண்ணை?”

“தெரியாது தம்பி. சத்தியமாத் தெரியாது.”

“எனக்கும் தெரியாது. ஆனா போயிருந்தா முதல்லை அம்மாவைத்தான் பாத்திருப்பன். பிறகு ஆரைத் தேடிப் போயிருப்பனோ தெரியாது. செத்தும் இருப்பன்.”

தியாகராஜா கடவுச்சீட்டை அவன் பக்கமாகத் தள்ளினார். அவன் அதைத் தொடவில்லை.

“உன்ர சாமான். எடு தம்பி.”

“தாறதெண்டா அந்தப் பத்து நாளையும் சேத்துத் தாங்கோ. ஏலுமோ அண்ணை?”

“ஏலாது.”

“ஓம், ஏலாது” என்று சொல்லிவிட்டு இராஜேந்திரன் கடவுச்சீட்டை எடுத்துக் கோட்டுப் பைக்குள் வைத்தான்.