பாதியில் அறுந்த வரைபடம்

மோடத்தின் சிவப்பு விளக்கு அணைந்து, தொடர்பு அறுந்தது. அவள் மேஜையை ஓங்கி ஓர் அறை அறைந்தாள். டிவி திரையில், எவ்வளவு இறங்கியது என்று காட்டி மளமளவென்று ஏறிக்கொண்டிருந்த எண் முக்கால் தூரத்தில் நட்டுவைத்த மாதிரி நின்றுவிட்டது.

"மறுபடியும் போச்சா?" என்றார் சோபாவிலிருந்து கணவர். வீட்டில் இருப்பது ஒரே டிவி. அதைத்தான் தன் பழைய கம்ப்யூட்டருக்குத் திரையாக மாட்டியிருந்தாள். "அப்ப நான் நியூஸ் பார்க்கலாமா?"

"தாராளமா. என் தலையைக் கழட்டி ஓரமா வெச்சிட்டுப் பாருங்க."

வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போடுகிறவள் அவள். புதிய கம்பெனி ஒன்று முதல் வேலை கொடுத்திருந்தது. திருத்திய படம் அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. போன் லைன் வழியாக இறக்கிக்கொள்ள வேண்டும். ஆபீஸ் மூடினால் லைனும் மூடிவிடும். இன்று இறங்காவிட்டால் வேலை வேறு கைக்குப் போய்விடும். அப்புறம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க முடியாது.

போனை எடுத்து நம்பரைச் சுழற்றினாள். கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அண்ணன் முதல் மணியிலேயே எடுத்தான்.

மோடத்துக்கும் போனுக்கும் ஒரே லைன்; நடுவில் சின்னச் சத்தம் புகுந்தாலும் மோடத்தின் தொடர்பு அறுந்துவிடும். அவனிடம் கேட்டு, போனை வைத்து, செய்து பார்த்து, சொதப்பியதும் மறுபடி அவனையே கூப்பிட வேண்டும். காலையில் திரை முழுக்கக் கிறுக்கலாக வந்தபோது, டெர்மினல் புரோகிராமில் ஏழு பிட் என்றிருந்ததை எட்டாக்கச் சொன்னான். கிறுக்கல் எழுத்தானது. வரிக்கு நாற்பது எழுத்தை எண்பதாக்கச் சொன்னான். ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்த வரிகள் ஒழுங்காகப் பிரிந்தன. ஆகவே அவன் வார்த்தைக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை பாக்கியிருந்தது.

"வேகத்தைக் குறைச்சியா பாப்பா?"

"குறைச்சாச்சு."

"வயரு?"

"மாத்தியாச்சு. ஃபேனை நிறுத்தியாச்சு, ஃபிரிட்ஜைப் பிடுங்கியாச்சு. மூச்சு விடறது ஒண்ணுதான் மிச்சம். நிறுத்தட்டா?"

"கோபப்படாதே. ஃபிளாப்பியை மாத்திட்டு ஒரேயொரு தடவை..."

மாற்றினாள். எண் ஏறியது. பாதியைத் தாண்டியது. சிவப்பு விளக்கு அணைந்தது.

"அதுக்கு உன் மேல என்னமோ பகை," என்றார் கணவர்.

அவரை முறைத்துக்கொண்டே நம்பரைச் சுழற்றினாள். "அண்ணா, போன்ல வைத்தியம் பார்த்தது போதும். கடையைப் பூட்டிட்டு நேர்ல வா. ஆபீஸ் மூடப் போறாங்க."

வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தான். நாற்காலியை இழுத்துப்போட்டு, கண்ணாடியைச் சட்டையில் துடைத்து, "எங்க, என் கண் முன்னாடி பண்ணு," என்றான்.

எண் ஏறியது. பாதி. முக்கால். கணவரே எழுந்து வந்து பின்னால் நின்றார். எண் கடைசிவரை போய், இறக்கம் முடிந்தது என்று ஒரு வரி வந்தது. படத்தைத் திறந்தாள். மாடிப்படி முதல் தண்ணீர்த் தொட்டி வரை முழுசாக இருந்தது. நாற்காலியில் அப்படியே சாய்ந்தாள். வேலை பிழைத்தது.

"பார்த்தியா, கைராசி," என்றான் அண்ணன்.

"நீங்க கையே வைக்கலையே மச்சான்," என்றார் கணவர்.

அவளுக்கும் அதுதான் உறுத்தியது. "நிஜமா என்னண்ணா பண்ணினே?"

"ஒண்ணுமே பண்ணல. அதான் எனக்கும் புரியல. கடையில இருந்தா எனக்கு இருப்புக் கொள்ளாது பாப்பா. நீ போனை வெச்சுக் கொஞ்ச நேரத்துலயே, இறங்கிடுச்சான்னு கேக்க உன் நம்பரைச் சுத்திடுவேன். முன்னெல்லாம் எங்கேஜ்டாவே இருக்கும். அதான் போன வாரம் டெலிபோன் ஆபீஸ்ல சொல்லி, நீ லைன்ல இருந்தாலும் என் போன் நடுவுல புகுந்து மணியடிக்கிற வசதியை உங்க லைனுக்குப் போட வெச்சேன். உன்கிட்ட சொல்லத்தான் மறந்துட்டேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டான். "இன்னிக்கு ஒவ்வொரு தடவையும் மணி நல்லாத்தான் போச்சு. நீதான் எடுக்கவே இல்ல."