பொறி பறக்காத வாள்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, ஒட்டுக்கேட்டேன். நெளுக்குளத்தில் கட்டடச் சாமான் வாடகைக்கு விடும் கனகலிங்கத்தின் கடைக்கு ஏணி எடுக்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண், புது வீட்டுக் கூரையைத் தாங்கும் இரும்பு வளைகளை அறுக்க வாள் கேட்டுக்கொண்டிருந்தார். எது விரைவாக அறுக்கும் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அவர் கேட்டது வேறு.

“பொறி பறக்காத வாள் எது அண்ணை?”

“பல்லுப் பிளேட் போட்ட மெசின் இருக்கு. ஆனா தண்ணீரூற்றுப் பக்கம் ஒரு வேலைக்குப் போட்டுது. திங்கள்தான் வரும்.”

“வெள்ளிக்கிழமை கூரைக்கு நாள் வைச்சிருக்கு.”

“அப்ப கல்வட்டு மெசினைக் கொண்டுபோங்கோ.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “வேண்டாம். கூரை நாளை மாத்துறன்.”

எங்கள் ஊரில் வாளுக்காக நல்லநாளை மாற்றிய ஒருவரை நான் அன்றுதான் கண்டேன். ஏணியை மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். (என் மனைவி சுரேகா இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறாள்.)

2

முதல் தொடக்கம்: ‘சோளகக் காற்றில் கொட்டில் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிரு—’

அடித்துவிட்டேன். யாருடைய கொட்டில் என்று சொல்லாமல் எரித்தால் உங்களுக்கு என்ன வந்தது?

இரண்டாவது: ‘அமராவதியும் கணவர் கதிர்காமநாதனும் தென்னோலைக் கிடுகு வேய்ந்த கொட்டிலில் இருந்துகொண்டே பக்கத்தில் கல்வீடு கட்டினார்கள்.’ இது நிற்கட்டும். பெயர்கள் நான் வைத்தவை. கொட்டில் உண்மை, கனகலிங்கத்திடம் விசாரித்தேன். வாள்களைப் பற்றியும் அவரிடம்தான் கேட்டேன். கைவாளால் ஒரு வளை அறுக்கவே அரைநாள் போய்விடுமாம். கல்வட்டு சுறுக்காக அறுக்கும், ஆனால் பூந்திரி மத்தாப்புக் கொளுத்தியதுபோலப் பொறியை வீசும். பல்லுப் பிளேட்டில் பொறி இல்லையென்றே சொல்லலாம். இரும்புத் துருவல் காலடியில் விழும், அவ்வளவுதான்.*

* வளைகளைத் தூரக் கொண்டுபோய் அறுக்கலாமே என்று கேட்கிறீர்கள். மின்சாரம் கொட்டிலில்தான் இருக்கிறது. வயர் எட்டுகிற தூரம்தான் மெசின்.

3

எனக்கு ஒரு சண்டை தேவைப்பட்டது. ஆகவே கதிர்காமநாதனைப் பிடிவாதக்காரனாக்கினேன். “நாள் தப்பக்கூடாது” என்று கத்தவைத்தேன். கல்வட்டு மெசினில் பல்லுப் பிளேட்டைப் பூட்டவும் வைத்தேன். அந்தப் பக்கத்தைக் கனகலிங்கத்துக்கு வாசித்துக் காட்டினேன்.

“விசர்க்கதை எழுதாதேங்கோ! கல்வட்டு சுத்துற வேகத்துக்குப் பிளேட்டின்ர பல்லெல்லாம் உடைஞ்சு பறக்கும். ஆள் தப்பாது.”

மனிதனைக் கொல்ல இருந்தேன். அந்தப் பக்கமும் போயிற்று.

அதைவிடப் பெரிய சிக்கல் அமராவதி. இன்னும் இரண்டு மாதத்தில் தேவைப்படாத கொட்டிலுக்காக ஏன் இவ்வளவு? உள்ளே விதைநெல் என்று எழுதினேன். காணி உறுதிப் பத்திரம் என்று எழுதினேன். அவற்றை ஒருநாள் அயல்வீட்டில் வைத்தால் முடிந்தது. அவர் அதற்காக நாளை மாற்றியிருக்க மாட்டார்

(இந்த வசனத்துக்கு முற்றுப்புள்ளி வைக்கவில்லை. எழுந்து சைக்கிளை எடுத்தேன். திங்கட்கிழமை.)

4

கனகலிங்கம் வழி சொன்ன வீட்டு முற்றத்தில் பல்லுப் பிளேட் மெசின் வந்து இறங்கியிருந்தது. நான் யாரென்று சொல்லி, கதையையும் சொன்னேன்.

“அக்கா, முதல் எழுதினதில கொட்டிலை எரிச்சுப்போட்டன்.”

அவர் கொட்டிலை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தார்.

“தம்பி, இது எனக்கு ஏழாவது கொட்டில். ரெண்டு எரிஞ்சது. ஒண்டை வெள்ளம் கொண்டுபோட்டுது. மிச்சம் மூண்டையும் சண்டையில விட்டிட்டு ஓடினனாங்கள். இந்த ஒண்டையாவது நானே என்ர கையால பிரிக்கோணும். அதுக்குள்ள ஒரு பொறி விழுந்துதெண்டால்...”

 

வயரை இழுத்துக்கொண்டு வந்த கணவர், நான் பிடிவாதக்காரனாக்கிய அதே மனிதர், “அவா சொன்னது சரிதானே. நாள் இன்னொண்டு வரும்” என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது.

5

சோளகம் அடித்துக்கொண்டுதான் இருந்தது. யாரும் சொல்லாமலே ஒரு வாளி தண்ணீரோடு கொட்டில் வாசலில் போய் நின்றேன். மெசின் இரைந்தது. முதல் வளை விழுந்தது. துருவல் காலடியிலேயே கிடந்தது. இரண்டு, மூன்று. அமராவதியக்கா வளையைப் பார்க்கவேயில்லை. கூரைக் கிடுகையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆறாவது வளையும் விழுந்து மெசின் நின்றபோது, “அப்பாடா” என்று நிலத்தில் குந்திவிட்டார்.  வாளித் தண்ணீரை ஒரு கத்தரிக்கன்றுக்கு ஊற்றினேன்.

6

முடிவு அ: கொட்டில் எரிகிறது. கிழித்தாயிற்று.

முடிவு ஆ: கல்வீட்டுக்குக் குடிபூர்ந்த மறுநாள் காலை, அமராவதி முதல் கிடுகில் கை வைத்—

இல்லை. இதை எழுதுவது எனக்குச் சுகமாக இருக்கும், ஆனால் நான் எழுதினால் பிரித்தவன் நானாகிவிடுவேன். புறப்படும்போது அவரிடமே கேட்டேன்.

“பிரிக்கிற அண்டைக்கு நானும் வரட்டோ அக்கா?”

“வாங்கோ. ஏணி ஒண்டு கொண்டு வாங்கோ. நீங்கள் ஏணியைப் பிடியுங்கோ, நான் ஏறுறன்.”

இந்த முறை ஏணியை மறக்க மாட்டேன். நீங்களும் வாருங்கள், மற்றப் பக்கத்தைப் பிடிக்க ஆள் வேண்டும். கிடுகில் மட்டும் கை வைக்காதீர்கள்.