பதினெட்டுக்கு மேல்

சலோமி மருந்து வைத்த எலுமிச்சைச் செடிகள் ஐந்தும் பழைய குணத்துக்கே திரும்பிவிட்டன. புதுத் துளிரெல்லாம் மெல்லிய இலையாக வந்தது. நீலாயதாட்சியின் செடி மட்டும் தடித்து அகன்ற இலைகளோடு மூன்றாவது வருஷமும் நின்றது.

வரிச்சிக்குடிப் பக்கத்துப் பழப்பண்ணையில், எண்பத்தைந்தில், இருவரும் ஒரே சீசாவிலிருந்துதான் குரோமோசோமை இரட்டிப்பாக்கும் கொல்ச்சிசின் மருந்தைக் குருத்துகளில் சொட்டுச் சொட்டாக வைத்தார்கள். சாதாரண எலுமிச்சைக்குக் குரோமோசோம் பதினெட்டு. மருந்து பிடித்தால் முப்பத்தாறு. அது நிலைத்துவிட்டால், அந்தச் செடியைச் சாதாரணச் செடியோடு கலந்து விதையில்லாப் பழத்துக்கு வழி பண்ணலாம்.

"நீலா செடியில நிலைச்சிருக்கான்னு எண்ணிச் சொல்லுங்க. இருந்தா அதுதான் நம்ம தாய்ச்செடி" என்று அதிகாரி பூமிநாதன் சலோமியிடம்தான் சொன்னார். எண்ணுவதற்கு அவள், பெயர் வாங்குவதற்கு இன்னொருத்தி. சலோமிக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

நீலாயதாட்சியின் செடித் தொட்டியைக் கிளறி வேர்நுனி எடுத்துப் பார்த்தாள். பதினெட்டு. சந்தோஷம் வந்தது. அது சந்தோஷம்தான் என்று தெரிந்ததும் வெட்கமாக இருந்தது. வெட்கம் அதிக நேரம் நிற்கவில்லை.

"உன்னுதும் திரும்பிடுச்சு நீலா."

"இலையைப் பார்த்தா அப்படித் தெரியலியேக்கா."

"இலையைப் பார்த்துச் சொல்ல ஜோசியக்காரி போதுமே. மைக்ராஸ்கோப் எதுக்கு?"

நீலாயதாட்சி தடித்த இலையை ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

இனி உதவாதென்று மறுநாள் காலை அந்தச் செடியைப் பிடுங்க வந்த பண்ணையாள் காசியம்மா தண்டைப் பிடித்து அசைத்துப் பார்த்தாள். "நாங்கட்டின ஒட்டு, எப்படிப் பிடிச்சிருக்கு பாருங்க. காட்டு எலுமிச்சை வேரு, லேசுல வராது."

சலோமி குனிந்து பார்த்தாள். தண்டில், மண்ணுக்கு ஒரு சாண் மேலே, ஒட்டுப்போட்ட முடிச்சு. அதற்குக் கீழே இருப்பது நீலாவின் செடியே இல்லை. மருந்தே படாத வேரை எண்ணியிருக்கிறாள். படிக்கிற பெண்கூடச் செய்யாத தப்பு. தன் கையைக் கீழே இழுத்தது எது என்று அவளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. காசியம்மா இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் போதும்.

"விடுங்க காசியம்மா" என்றாள். "வேரை எண்ணிட்டேன் நீலா. தப்பு என்னுது."

நீலாயதாட்சி முடிச்சைப் பார்த்துவிட்டுச் சிரித்தேவிட்டாள். "நல்லாப் பயங்காட்டினீங்கக்கா! குருத்தையும் நீங்களே எண்ணுங்க."

ஒரு வார்த்தை கோபமாகப் பேசியிருக்கக் கூடாதா என்றிருந்தது சலோமிக்கு.

குருத்திலையைச் சாயத்தில் ஊறவைத்து, அடுத்த நாள் எண்ண உட்கார்ந்தாள். பதினேழு, பதினெட்டு. இங்கேயே நின்றுவிடேன் என்று மனசு கெஞ்சியது. பத்தொன்பது. இருபது. முதுகுக்குப் பின்னால் நீலாயதாட்சி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். முப்பத்தாறு வந்ததும் சலோமி எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தாள்.

"நீயே பாரு."

அந்த எண்ணைத் தன் வாயால் சொல்ல மட்டும் அவளால் முடியவில்லை.