கன்னத்தில் ஏறிய முத்திரை

பிப்ரவரிக் கண்காட்சியில் டெல்மர் ஹாஸ் ஒரு நல்ல துப்பாக்கியைப் போலி என்று சொன்னார். மறுநாள் காலை அதன் பின்பக்க மரக்கட்டையில் குத்தியிருந்த முத்திரை அவருடைய வலது கன்னத்தில் இருந்தது. ஓஹையோவின் அந்தப் பக்கத்தில் அந்த வருடம் குளம் குட்டையெல்லாம் உறைந்திருந்தது, சோளம் விலை இறங்கியிருந்தது. அந்தக் குளிர்காலத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் அவற்றோடு சேர்த்துத்தான் சொல்வார்கள்.

கண்காட்சி நடப்பது கோடைத் திருவிழாவில் மாடுகளை நிறுத்தும் கொட்டகையில். பழைய ராணுவத் துப்பாக்கி சேர்ப்பவர்களின் சங்கம் அங்கே நீள மேசைகளைப் போடும். டெல்மர் ஒவ்வொரு துப்பாக்கியாகக் கையில் எடுத்து, அசலா, பல துப்பாக்கிகளின் பாகங்களைக் கோத்ததா, போலியா என்று சொல்வார். அவர் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது. பெண்டாட்டியை விட்டு ஓடியவனுக்குக்கூடச் சங்கத்தின் சூப் விருந்தில் நாற்காலி உண்டு. கட்டையை உப்புத்தாளால் தேய்த்துப் புது முத்திரை குத்தியவனுக்குக் கிடையாது.

அந்த வருடம் வெர்னா ஸ்டாஃபர் தன் கணவர் ஆர்விலின் கராண்ட் என்ற பழைய ராணுவத் துப்பாக்கியைக் கொண்டுவந்தாள். இலையுதிர்காலத்தில்தான் ஆர்வில் இறந்துபோயிருந்தார். இறந்த உறுப்பினரின் துப்பாக்கி அசல் என்று தேறினால் அதை நடுமேசையில் வைத்து, அவர் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்து அருகில் வைப்பது சங்கத்தின் வழக்கம். வெர்னாவுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஆர்வில் போரில் சமையல்காரர். ராணுவம் பயன்படுத்தாத மிச்சத் துப்பாக்கிகளை விற்றபோது ஒன்றை வாங்கினார். உருளைக்கிழங்கு உரித்த கை, போர்வீரனின் துப்பாக்கியைத் தொடக் கூசியது. கம்பளியில் சுற்றி அலமாரியில் வைத்தவர், கிறிஸ்துமஸுக்கு மட்டும் பிரித்துக் கை படாமல் பார்ப்பார்.

டெல்மர் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். முத்திரையின் சதுரக் கட்டமும் அதற்குள் ராணுவ ஆய்வாளரின் பெயரெழுத்துகளும் கத்தியால் கீறியதுபோல் கூர்மையாக இருந்தன. வியர்வையும் மழையும் பட்ட முத்திரை மழுங்கித்தான் இருக்கும்.

“முத்திரை புதுசு” என்றார்.

சங்கத் தலைவர் பட் கிரேபில் சிரித்தார். “அட ஆர்வில்! சாகுற வரைக்கும் சூப்புக்கு உப்புப் போடத் தெரியல, முத்திரை குத்த மட்டும் தெரிஞ்சிருக்கு பாரேன்!”

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே டெல்மர் லென்ஸை வைத்து மறுபடி பார்த்தார். எழுத்துகளின் அடியில் பழைய எண்ணெய் கறுத்து உறைந்திருந்தது. மரத்தின் நார் அறுபடாமல் அமுங்கியிருந்தது. யார் கையும் படாததால்தான் அத்தனை கூர்மை. அது அசல் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டார்ச்சை அணைத்தார்.

“அவரு அதத் தொட்டதே இல்ல டெல்மர்” என்றாள் வெர்னா.

“முத்திரை என்ன சொல்லுதோ அதத்தான் நான் சொல்ல முடியும் வெர்னா” என்றுவிட்டு அவர் அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

மறுநாள் சவரம் செய்ய நின்றபோது கண்ணாடியில் எழுத்துகள் திரும்பித் தெரிந்தன. வலி இல்லை. அதே காலையில் வெர்னா கம்பளியைப் பிரித்தாள்; கட்டை வழவழவென்று இருந்தது, முத்திரையைக் காணவில்லை. அவள் நேர்மையானவள், பட் கிரேபிலுக்குத் தொலைபேசியில் சொன்னாள். “பாத்தியா, குத்தக்கூட இல்ல, வரைஞ்சிருக்கான், அழிஞ்சுபோச்சு!” என்று பட் ஊரெல்லாம் சொன்னார். துக்க வீட்டுக்கு ஊரார் கொண்டுபோகும் உணவுத் தட்டை அதன்பின் அவள் வீட்டுக்கு யாரும் கொண்டுபோகவில்லை. தேவாலயத்தில் கதவோரம் உட்கார்ந்து, வழிபாடு முடிந்து தரும் காபிக்கு முன்பே எழுந்து போய்விடுவாள்.

டெல்மர் கன்னத்தில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டார். மச்சத்தை எடுத்ததாகச் சொன்னார். தேவாலயத்தில் வலது கன்னம் சுவர்ப்பக்கம் வரும்படி உட்கார்ந்தார். ஒரு சொல்லைத் திருப்பி வாங்கினால், இத்தனை காலம் தான் சொன்ன எல்லாவற்றையும் ஊர் திருப்பிக் கேட்குமே என்ற பயம். அந்தப் பயத்தைவிட அந்தப் பயத்தின் மீதான வெட்கம் பெரிதாக இருந்தது. வெர்னாவின் கார் எதிரே வந்தால் பக்கத்துச் சோளக்காட்டுப் பாதையில் வண்டியைத் திருப்பினார். இப்படியே இரண்டு வருடங்கள் போயின.

மூன்றாவது கண்காட்சிக்கு வெர்னா வெறுங்கையோடு வரவில்லை. ஆர்விலின் சங்கத் தொப்பியைக் கொண்டுவந்து பட்டின் முன்னால் வைத்தாள். “இத வீட்டுல வச்சுக்க எனக்கு யோக்கியதை இல்ல. எடுத்துக்கோ” என்றாள்.

அந்தத் தொப்பியைப் பார்த்த டெல்மர் பிளாஸ்டரைப் பிய்த்தார். மேசையில் தலையைச் சாய்த்து வலது கன்னத்தைக் காட்டினார்.

“பட், டார்ச்ச எடு.”

“என்னய்யா இது? தூக்கம் வந்தா வீட்டுக்குப் போ.”

“சாய்ச்சுப் பிடி. அடியில எண்ணெய் உறைஞ்சிருக்கா?”

பட் லென்ஸோடு குனிந்தார். அவர் மூச்சில் வெங்காயம் வீசியது. “உறைஞ்சிருக்கு.”

“நார் அறுந்திருக்கா, அமுங்கியிருக்கா?”

“அமுங்கியிருக்கு.” பட்டின் குரல் இறங்கியது. “அசல்தான்யா இது.”

“ஆர்விலோடது. அன்னிக்கே எனக்குத் தெரியும். நீங்க சிரிச்சீங்க, நான் வாய மூடிக்கிட்டேன்.”

வரிசையாக வந்து எல்லோரும் பார்த்தார்கள். கன்னத்தில் முத்திரை இருந்தது யாரையும் உலுக்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் உலுக்கியது. கடைசியாக வெர்னா குனிந்தாள்.

“இதுமேலயா இத்தனை நாள் பிளாஸ்டர் ஒட்டின? பசை பட்டா பாலிஷ் போயிடாதா?” என்றாள். தொப்பியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

பட் எழுந்துபோய் நடுமேசையில் இடம் ஒதுக்கினார். துப்பாக்கியை எல்லாப் பாகங்களோடும் வைக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. ஆகவே அடுத்த பிப்ரவரியிலிருந்து, ஆர்விலின் பெயர்த் தகட்டுக்கும் துப்பாக்கிக்கும் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள். கதவு திறப்பது முதல் மூடும் வரை டெல்மர் அதில் உட்கார்ந்தார். தீர்ப்புச் சொல்லும் வேலையை விட்டுவிட்டார். அந்தக் கன்னத்தில் சோப்பும் சவரக் கத்தியும் படக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தார்கள். வருபவர்கள் டார்ச் அடித்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். கட்டை ஏன் மொட்டையாக இருக்கிறது என்று வெளியூர்க்காரர் கேட்டால், “கட்டை அங்க, முத்திரை இங்க” என்று கைகாட்டிவிட்டு பட் காபி ஊற்றப் போய்விடுவார்.

ஒரு ஜனவரியில் டெல்மர் நெஞ்சுச் சளியில் படுத்துவிட்டார். வெர்னா கோழி நூடுல்ஸ் கொண்டுவந்தாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்து அவர் அழத் தொடங்கினார். அவள் கைக்குட்டையால் கன்னத்தை ஒற்றி எடுத்தாள், டார்ச்சைச் சாய்த்து ஒரு முறை பார்த்தாள்.

“ஈரம் ஆகாது, அழாத. பிப்ரவரிக்குள்ள எழுந்திரு” என்றாள்.

அவர் எழுந்தார். அந்த வருடமும் முத்திரை அசல் என்றே தீர்ப்பாயிற்று.