வெள்ளையம்மாவின் ஒரு சாண்

மலாயாவில், கூலாய் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் 1924 முதல் வெள்ளையம்மா என்ற பால்மரம் வெட்டும் பெண் தரைக்கு ஒரு சாண் மேலே நடந்தாள். பங்களா ரோட்டில் மட்டும்தான். மற்ற இடங்களில் எல்லாரையும்போலச் சேற்றை மிதித்தாள்.

அந்த ரோட்டைப் போட்டவர்களே லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலிகள்தான். போட்டு முடித்த வாரமே அவர்களுக்குத் தடை வந்தது. தோட்டத்துத் துரை அமெரிக்காவின் ஜார்ஜியாவிலிருந்து வந்தவர். அவருடைய தாத்தா பருத்திக் காட்டில் அறுபது கறுப்பர்களை விலைக்கு வாங்கி வைத்திருந்தாராம். அடிமைத்தனம் ஒழிந்த பிறகும் அங்கே வெள்ளையருக்கு ஒரு குழாய், கறுப்பருக்கு ஒரு குழாய், ரயிலில் தனித்தனிப் பெட்டி. அந்த ஒழுங்கு இங்கே இல்லாதது அவருக்குப் பெரிய குறை. ‘கூலிகளின் கால் இந்த ரோட்டில் படக்கூடாது’ என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கனகசுந்தரம் முத்து முத்தான எழுத்தில் பலகை எழுதி நட்டார். ரோட்டின் கோடியில்தான் ஆஸ்பத்திரி. கால் மணி நடை. சதுப்பைச் சுற்றிப் போனால் இரண்டு மணி. காய்ச்சலில் கிடந்த மூத்த மகள் அங்கம்மா, அந்தச் சுற்றுவழியில் வெள்ளையம்மாவின் தோளிலேயே செத்துப்போனாள். தாய் அழவில்லை என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். பொய். மூன்று நாள் அழுதாள்.

அடுத்த மழைக்காலத்தில் இளையவளுக்கும் அதே காய்ச்சல். வெள்ளையம்மா கிராணியிடம் போய், பலகையில் இருப்பதை இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் ஏறினாள். கால் படவில்லை. துரை காரை நிறுத்தி இறங்கி, அவள் பாதத்துக்கும் செம்மண்ணுக்கும் நடுவே கைத்தடியை விட்டு ஆட்டிப் பார்த்தார். தடி எதிலும் இடிக்கவில்லை.

“பலகையிலை உள்ளபடி பாத்தா பிழையில்லை,” என்று முனகிய கிராணி, அதையே இங்கிலீஷில் துரைக்குச் சொன்னார். அதற்குள் அவள் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியிருந்தாள். பிள்ளை பிழைத்தது.

லயத்தில் பலரும் முயன்று பார்த்தார்கள். முழங்கால் சிராய்த்ததுதான் மிச்சம். ஆகவே பத்து வருஷம், பாம்பு கடித்தவர்களையும் பிரசவ வலி கண்டவர்களையும் வெள்ளையம்மாவே முதுகில் சுமந்தாள்.

1934இல் துரை கப்பலேறினார். பலகை கோழிக்கூட்டுக்குக் கதவானது. எல்லாரும் ரோட்டில் நடந்தார்கள், வெள்ளையம்மா மட்டும் இறங்கவில்லை.

“இனிமே எறங்கி நடக்கலாம்ல, புள்ள,” என்றான் புருஷன் ஐயாசாமி.

“மூத்தவளுக்குக் குடுக்காத ரோடு. எனக்கு எதுக்கு?”

அதன்பிறகு அவள் வருவதைக் கண்டால் வண்டிக்காரர்கள் மாட்டை ஓரங்கட்டி, வழிவிட்டுப் போனார்கள்.