வெண்தாமரைப் பரிசு நீக்கச் சொன்ன பக்கம்

அன்று மாலை கடையில் இருந்தவர்கள்: கதை எழுதிய நத்சுயோ, உதோன் நூடுல்ஸ் கடைக்காரனான அவள் அண்ணன் யசுனோரி, பத்திரிகை ஆசிரியர் தொகாவா. பரிசுக் குழு கூடும் நாளில் எழுதியவரும் வேண்டியவர்களும் ஓரிடத்தில் உட்கார்ந்து போனுக்குக் காத்திருப்பது வழக்கம். அதற்காக யசுனோரி வியாபாரத்தையே நிறுத்தியிருந்தான்.

வெண்தாமரைப் பரிசைக் கொடுப்பது ஒரு பௌத்த மடம். நத்சுயோவின் கதை அவர்களுடைய அப்பாவின் சாவைப் பற்றியது; அதில் வரும் பிக்குவும் அதே மடத்தவர்தான். செத்தவருக்கு மடம் ஒரு புதுப்பெயர் சூட்டும். அப்பாவின் சடங்கில் அந்தப் பிக்கு வேறு யாருக்கோ சூட்டிய பெயரைச் சொல்லி ஓதிவிட்டார். யசுனோரி எழுந்து கத்தினான். சொந்தக்காரர்கள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அப்பா யாரோ ஒருவராக எரிந்துபோனார்.

"விழாவுல கதைய அவங்க முன்னாடியே படிப்பதானே? முன்வரிசையில உக்காந்து மூஞ்சியப் பாக்கணும்" என்றான் யசுனோரி.

"மொதல்ல பரிசு வரட்டும்ணே."

"சட்டையெல்லாம் மாவு. இப்படியே வந்துடாதீங்க" என்று தொகாவா சிரித்தார்.

"மாவு தட்டுனா போயிடும் சார். அவங்க பண்ணது போவாது."

போன் அடித்தது. பரிசு அவளுக்குத்தான். ஒரே ஒரு வேண்டுகோள்: பெயர் மாறிப்போகும் அந்தப் பக்கம் மட்டும் வேண்டாம். அது இல்லாவிட்டால் கதை இன்னும் அமைதியாக இருக்குமாம். சம்மதமா?

ரொட்டி ஆலையில் இரவெல்லாம் நின்று, பகலில் எழுதி, தூக்கத்தைத் தொலைத்தவள் அவள். அண்ணன் பக்கம் திரும்பாமல், போனுக்கே தலைவணங்கினாள்.

"எடுத்துடறேங்க. ரொம்ப நன்றிங்க."

"எதை எடுக்கற?" என்றான் யசுனோரி.

சொன்னாள். தொகாவா டாக்சி பிடிக்கிற சாக்கில் தெருவுக்கு நழுவினார்.

"நான் எந்திரிச்சுக் கத்துற பக்கமா?"

"மத்ததெல்லாம் அப்படியே இருக்குண்ணே. அப்பா இருக்காரு."

"எந்த அப்பா? அவங்க எரிச்சவரா?"

"இத விட்டா எனக்கு இன்னொன்னு கெடைக்காதுண்ணே."

"அன்னிக்கு எல்லாரும் என்னை உக்காருடான்னாங்க. நீ மட்டுந்தான் சொல்லல. இப்ப நீயும் சொல்லிட்ட."

அவன் அவளுடைய கோட்டை எடுத்துவந்து நீட்டினான். வாடிக்கையாளருக்குச் செய்வதுபோல இடுப்பை வளைத்து வணங்கினான்.

"வந்ததுக்கு நன்றிங்க."

அவள் வாசலைத் தாண்டியதும் கதவு இழுபட்டு மூடியது. உள்ளே பூட்டு விழும் சத்தம் கேட்டது.