அண்ணனிடமிருந்து எடுத்தவை

1

இந்தக் கதை எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கிடைத்தது. என் கண்ணாடியின் கழன்ற திருகாணியை மாட்டிக்கொண்டே கடைக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார்: "ஞாயித்துக்கிழமையானா நாடக ஒத்திகை சார். இப்ப கிழவன் வேஷம். எங்க அண்ணனைப் பார்த்துப் பார்த்துப் பழகறேன்." அவர் சொன்னது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைவரிசை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், தன்னையே மறந்துபோன ஒரு கிழவன்' — வேண்டாம். எத்தனை கதைகளில்தான் மழை கொட்டும்?

2

கண்ணாடிக்காரனுக்கு வயது நாற்பத்தாறு. (என்னைவிட மூத்தவர்தான். கதைக்குள் வந்துவிட்டால் 'அவன்'தான்.) கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அண்ணன் அண்ணியோடு இருக்கிறான். பன்னிரண்டு வருடமாக நாடகக் குழுவில் அவனுக்குக் கிடைத்ததெல்லாம் தபால்காரன், போலீஸ்காரன், பக்கத்து வீட்டுக்காரன். இப்போதுதான் பெரிய வேஷம்: நினைவு தப்பிய கிழவன். கடைசிக் காட்சியில், பல வருடம் கழித்துத் திரும்பிவரும் மகனைக் கிழவன் அடையாளம் கண்டு செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதோடு திரை.

ஒத்திகை நூலக மாடியில். இயக்குநர் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர்.

"நீ கிழவன் மாதிரி நடக்கறே. எனக்கு மாதிரி வேண்டாம்ப்பா, கிழவனே வேணும்" என்றார்.

அண்ணன் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் தேய்ந்துபோய், ஒவ்வொரு எட்டுக்கும் கொஞ்சம் தயங்கித்தான் காலை வைப்பார். அவன் அதை ஒரு வாரம் நிலைக்கண்ணாடி முன் பழகினான். ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் கைதட்டிவிட்டார். மதியம் வீட்டுக்கு வந்தால், அண்ணன் மாடிப்படியில் விறுவிறுவென்று இறங்கி வருகிறார்.

"கால் வலி போன இடம் தெரியலடா!"

அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. அவனுக்கும் சந்தோஷம்தான்.

3

அடுத்தது, பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமுவது. அவனுக்கு வந்தது, அண்ணனிடம் நின்றது. பிறகு சிரிப்பு. அண்ணன் சிரித்தால் முதலில் தோள் குலுங்கும், சத்தம் பின்னால் வரும். [இந்த வரிக்கு நான் யோசிக்கவே இல்லை. ஏனென்று பிறகு சொல்கிறேன்.]

அண்ணி அவனைச் சமையலறையில் மடக்கினாள்.

"தம்பி, உங்க அண்ணன் கடைசியா எப்ப சிரிச்சாரு?"

"நேத்துகூட சிரிச்சாரே அண்ணி."

"அது நீங்க. உள்ள பழகிட்டிருந்தீங்க. அவருதான்னு நினைச்சு ஓடி வந்தேன். அவரு ஜன்னலைப் பார்த்துக்கிட்டு சும்மா உக்காந்திருந்தாரு."

திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அண்ணன் எதிரே உட்கார்ந்து அதே சிரிப்பைச் சிரித்துக் காட்டினான். அண்ணன் அவனை மரியாதையாகப் பார்த்தார்.

"நல்லா சிரிக்கறியே. யார்கிட்டடா கத்துக்கிட்டே?"

4

மேடையேற இரண்டே நாள். மாஸ்டருக்குத் திருப்தி இல்லை.

"எல்லாம் சரி. கடைசியா மகனைக் கூப்பிடறியே, அதுல மட்டும் உயிரில்ல. உன்னை யாராவது ஆசையா ஒரு பேர் சொல்லிக் கூப்பிடுவாங்கல்ல? அதைக் கொண்டா. இல்லேன்னா வேற ஆளைத்தான் போடணும்."

அவனை அப்படிக் கூப்பிடுகிறவர் உலகத்தில் ஒருவர்தான். அம்மா போனதிலிருந்து அண்ணன் அவனை (          ) என்றுதான் கூப்பிடுகிறார், முதல் எழுத்தைக் கொஞ்சம் இழுத்து. இதையும் பழகிக்கொண்டால் நாளைக்கு அண்ணனுக்குத் தம்பியையே தெரியாமல் போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். விட்டால் பன்னிரண்டு வருடம் காத்திருந்த வேஷம் போய்விடும். நிலைக்கண்ணாடி முன் வாயைத் திறந்தபடி நிற்கிறான்.

5

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கடைக்காரருடைய அண்ணனை நான் பார்த்ததே இல்லை. முழங்கால், செருமல், குலுங்கும் தோள் எல்லாம் என் அண்ணனுடையவை. இரண்டாம் பகுதியை எழுதி முடித்த அன்று அவரிடமிருந்து போன் வந்தது: "அதிசயம்டா, கால் வலியே இல்ல." எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்றாம் பகுதிக்குப் பிறகு, எப்போது சொன்னாலும் அவர் விழுந்து விழுந்து சிரிக்கும் பழைய கதையைப் போனில் சொன்னேன். "ம்" என்றார். அண்ணி போனை வாங்கிக்கொண்டு அழுதாள்.

அந்தப் பகுதியைக் கிழித்துப் போட்டேன். சிரிப்பு திரும்பவில்லை. அதனால் மறுபடி எழுதி மேலே வைத்திருக்கிறேன். இப்போதைக்கு அது இருப்பது அங்கே மட்டும்தான்.

முடிவுக்கு இரண்டு வரைவுகள் இருந்தன. ஒன்றில் அவன் மேடையில் வாயே திறக்கவில்லை, அதற்குள் திரை விழுந்துவிடுகிறது. இன்னொன்றில் கூப்பிடுகிறான், சபையே எழுந்து நிற்கிறது, முன்வரிசையில் அண்ணன் அண்ணியிடம், "யாரும்மா அந்த ஆளு? நல்லா நடிக்க" — அடித்துவிட்டேன்.

என் அண்ணன் என்னைக் கூப்பிடும் அந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதாமல் கதை முடியாது என்பதும் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இனி உங்கள் பாடு. மேலே அடைப்புக்குறியைக் காலியாக விட்டிருக்கிறேன். உங்களை யாரோ ஆசையாகக் கூப்பிடும் பெயர் இந்நேரம் உங்கள் நாக்கு நுனிக்கு வந்திருக்கும். தயவுசெய்து அதை அந்த அடைப்புக்குள் வைத்துவிடாதீர்கள்.

வைத்துவிட்டீர்களா? அப்படியானால் உடனே அவருக்கு ஒரு போன் போடுங்கள். எடுத்ததும் உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார் என்று பாருங்கள்.